தனி வீடு, ஒரு மாடு, நாலு பாத்தி: மலையகக் குடும்பத்தின் வீட்டு வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மாட்டைப் பற்றித்தான். எந்த இனம் நல்லது, என்ன விலை போகும், எத்தனை லீற்றர் கறக்கும் என்பார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு. விடியற்காலை நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுவது யார்? புல்லுக்குப் போவது யார்? அடைமழையில் கான், அதாவது வடிகால், இழுத்துவிடுவது யார்? மூன்றுக்கும் ஒரே ஆளின் பெயர் வந்தால் மாடு வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் அந்த ஒரே ஆள் அம்மா. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பகலெல்லாம் கொழுந்து எடுப்பார். மலையிலிருந்து இறங்கும்போது கூடைக்கு மேலே ஒரு புல்லுக்கட்டு இருக்கும். வந்ததும் மாட்டுப்பட்டி, பிறகு அடுப்படி. அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்த நாட்கள் குறைவு. இப்போது நானும் கொழுந்து எடுக்கிறேன், எங்கள் வீட்டிலும் மாடு நிற்கிறது, பாத்தி இருக்கிறது. ஆனால் வேலை ஐந்து பேருக்குப் பிரிந்திருக்கிறது. அதற்கு ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. அந்த ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பெயர் எழுதுங்கள்

பழைய கலண்டர் தாளைத் திருப்பி, வீட்டில் நடக்கும் வேலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பெரிய வேலைகள் தானாக ஞாபகத்துக்கு வரும். பள்ளிச் சப்பாத்துக் கழுவுவது, கத்தி தீட்டுவது, பால் கேன் கழுவுவது, விறகைப் பரணில் ஏற்றுவது மாதிரியானவைதான் விட்டுப்போகும். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர், ஒரேயொரு பெயர். "எல்லாரும் சேர்ந்து" என்று எழுதினால் அது அம்மா தலையில்தான் வந்து விழும்.

எங்கள் வீட்டில் தண்ணீரும் பள்ளிச் சாமான்களும் 11 வயது மகளுக்கு. மாலை அடுப்பும் ராத்திரிச் சோறும் 15 வயது மகனுக்கு. புல்லும் கானும் வீட்டுக்காரருக்கு. கன்றும் கோழியும் மாமிக்கு. பால் கறப்பதும் காலை அடுப்பும் பாத்தியும் எனக்கு. மகனின் பெயரை அடுப்புக்கு நேராக எழுதியபோது மாமிக்கு மனசு ஒப்பவில்லை.

"ஆம்பளப் புள்ளய அடுப்படிக்கு அனுப்புறியா?" என்றார்.

"நான் மலைய விட்டு எறங்க முந்தியே அவனுக்குப் பசிக்குது தானே மாமி" என்றேன்.

இப்போது அவன் வைக்கும் பருப்புக் கறிக்கு மாமிதான் முதலில் தட்டை நீட்டுகிறார்.

இடத்தைப் பிரித்தல்

எங்கள் தனி வீட்டுக்குக் கிடைத்த காணி 7 பேர்ச், அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடும் மலசலகூடமும் நடைபாதையும் போக, கையில் மிஞ்சுவது ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. அதிலும் பாதி சரிவாக இருக்கும். ஆகவே முதல் நாளே கம்பு நட்டுக் கயிறு கட்டிப் பாருங்கள்.

மாட்டுப்பட்டி வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். மேலே கட்டினால் மழைக்குச் சாணித்தண்ணீர் அடுப்படிக்குள் வரும். தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கும் பீலிக்கும் மேற்பக்கமாகவும் ஒருபோதும் கட்டக்கூடாது. ஒரு மாடு நிற்க 4 அடி அகலமும் 6 அல்லது 7 அடி நீளமும் போதும், கன்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடுப்பு. சீமெந்துத் தரைக்கு 3 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு வையுங்கள், மூத்திரம் தேங்காமல் ஓடி சாணிக்குழியில் விழும். தரையை வழவழப்பாகப் பூச விடாதீர்கள். வழுக்கி விழுந்த சினைமாட்டை எழுப்பியவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. சீமெந்து காய்வதற்குள் தென்னந்தும்புத் தும்புத்தடியால் ஒரு இழுப்பு இழுத்தால் சொரசொரப்பு வந்துவிடும்.

முந்தின ராத்திரி

காலை வேலையில் பாதி முந்தின ராத்திரியே முடிந்திருக்க வேண்டும். படுக்கப் போகுமுன் மகள் இரண்டு வாளியும் அண்டாவும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். விடிய பைப்பில் தண்ணீர் வராது, வந்தாலும் கை விறைக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் காலைக்கு வேண்டிய மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளை, ஒரு கட்டு. வெள்ளைச் சட்டை, காலுறை, பேக் மூன்றும் ஒரே ஆணியில்.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் உடுப்புக் காய்வதே பெரும்பாடு. அடுப்புக்கு நேர் மேலே கொடி கட்டினால் வெள்ளைச் சட்டையில் கரி படியும், பிள்ளை வகுப்பில் புகை மணத்தோடு உட்கார்ந்திருக்கும். புகைபோக்கிக்கு ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் கட்டுங்கள். சூடு வரும், புகை வராது.

அடுப்பும் விறகும்

2022இல் கேஸுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்றது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை, பிள்ளைகளுக்குப் பாலும் இருந்தது. கேஸ் இருந்தாலும் விறகடுப்பை உடைத்துவிடாதீர்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டு பானை வைக்கும் அனகி மண்ணடுப்பு ஒன்று வாங்கி, சுற்றிக் களிமண் பூசி வையுங்கள். முன் வாயில் சோறு வேகும்போது அதே நெருப்பில் பின்னால் தண்ணீர் கொதிக்கும், மூன்று கல் அடுப்பைவிட விறகு நன்றாகவே மிச்சமாகும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தனியாக விறகு தேட வேண்டியதில்லை. ஊற்றுத் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் நுரைத்துக் கொதிக்கவிட்டே குடியுங்கள். மேலே யார் மாட்டைக் கழுவுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

விறகுக்கு மிலாறை விட நல்லது கிடையாது. ஆனால் ஒரு மலையில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது சில வருசத்துக்கு ஒருமுறைதான். எந்த மலைக்கு எப்போது கத்தி வைக்கிறார்கள் என்று கங்காணியிடம் முன்கூட்டியே கேட்டு, அனுமதியோடு போய்க் கட்டுங்கள். பச்சை மிலாறு புகையும், எரியாது. இரண்டு மூன்று மாதம் கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி, அதில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றுங்கள். ஒடித்தால் "டிக்" என்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

பால் கறத்தல்

நாலே முக்காலுக்குத் தேத்தண்ணி, ஐந்துக்கு மாட்டுப்பட்டி. எட்ட நின்றே குரல் கொடுத்துக்கொண்டு போங்கள். திடீரென்று பக்கத்தில் போய் நின்றால் மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். முதலில் சாணியை இழுத்துத் தள்ளி, தரையைக் கழுவி, அதற்குப் பிறகுதான் மடி.

உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுப்பில் சூடான தண்ணீரில் ஒரு சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மடியையும் நாலு காம்பையும் துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையால் தடவிக்கொடுங்கள். நுவரெலியாக் குளிரில் விறைத்த கையோடு காம்பைப் பிடித்தால் மாடு உதைக்கத்தான் செய்யும். தடவத் தொடங்கி ஒரு நிமிசத்துக்குள் காம்பு விம்மி, தோல் இழுபட்டுப் பளபளப்பதைக் காண்பீர்கள். பால் இறங்கிவிட்டது. அதிலிருந்து ஐந்து, ஏழு நிமிசத்துக்குள் கறந்து முடித்துவிட வேண்டும், பிறகு அது தானாக நின்றுவிடும். வாளி தேடுவது, கன்றைத் துரத்துவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். திரி திரியாக, கட்டியாக, தண்ணீராக வந்தாலோ, மடியில் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தாலோ அது மடிவீக்கத்தின் தொடக்கம். அந்தப் பாலைக் கேனில் சேர்க்காதீர்கள், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று அவர் சொல்லும் கணக்கை ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். அது யாரோ ஒரு குழந்தையின் போத்தலுக்குப் போகிற பால்.

பெருவிரலை மடித்துக் காம்பை இழுத்துக் கறப்பதுதான் பலருக்குப் பழக்கம். காம்பு புண்ணாவது அதனால்தான். முழுக் கைக்குள் காம்பை வைத்து, மேல்விரலிலிருந்து கீழ்விரல் வரை ஒவ்வொன்றாக இறுக்கிப் பழகுங்கள். கடைசிச் சொட்டுவரை கறக்க வேண்டும், கொழுப்புக் கூடிய பால் கடைசியில்தான் வரும். பால் சேகரிக்கும் இடத்தில் கொழுப்பைப் பார்த்துத்தான் காசு.

கறந்து முடிந்த உடனே ஒரு கட்டுப் புல்லைப் போடுங்கள். காம்பின் துளை மூட அரை மணி நேரம்போல ஆகும், அதற்குள் மாடு சாணித் தரையில் படுத்தால் கிருமி ஏறும். புல் முன்னால் இருந்தால் அது நின்றுகொண்டே தின்னும். செலவில்லாத இந்த வேலையைப் பழக்கமாக்கிய பிறகு எங்கள் பட்டியில் மடிவீக்கம் வந்தது குறைந்துவிட்டது.

பாலைத் துணியில் வடித்து, கேனை ஊற்றுத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கி வையுங்கள். ஆறரைக்கெல்லாம் பால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஏழரைக்குப் பள்ளி, எனக்குப் பெரட்டு, அதாவது தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைக் கூட்டம். ரொட்டி தட்டுவதும் சம்பல் அரைப்பதும் இந்த இடைவெளிக்குள் நடந்துவிடும், அதற்கு வழி சொல்ல வேண்டியதில்லை.

புல்

கறக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 35 கிலோ பச்சைப் புல்லாவது வேண்டும், தண்ணீர் 40 முதல் 60 லீற்றர். 7 பேர்ச்சில் அந்தப் புல் முளைக்காது. ஆகவே மாடு வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அரிவாளோடு சுற்றி நடந்து பாருங்கள். ரோட்டோரம், ஓடைக்கரை, புதுக்கன்று வைப்பதற்காகக் கௌதமாலாப் புல்லும் மானாவும் போட்டிருக்கும் மலை, இவற்றில் எங்கே அறுக்க விடுவார்கள், மாசி மாதத்து வறட்சியிலும் எங்கே பச்சை இருக்கும் என்று பாருங்கள். அது தெரியாமல் மாடு வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் விற்றிருக்கிறார்கள்.

களைக்கு மருந்து அடித்த மலையில் அறுக்கக்கூடாது. எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். மானாப் புல்லின் விளிம்பு கையைக் கிழிக்கும், பழைய காலுறையின் நுனியை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டால் முழங்கைவரை காக்கும். அட்டைக்குக் காலில் சவர்க்காரத்தைத் தண்ணீர் தொடாமல் தேய்த்துக்கொண்டு போகலாம். ஒரு குச்சி நுனியில் உப்பு முடிச்சுக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டால், கடித்த அட்டையில் தொட்டதும் விழும். பிய்த்து இழுத்தால் இரத்தம் நிற்க நேரமெடுக்கும்.

எங்கள் முதல் மாட்டை நாங்கள் இழக்கப் பார்த்தது புல்லால்தான். இரண்டு நாள் மழைக்குப் பிறகு தளதளவென்று இளம் புல். ஆசையாக அறுத்து ஈரத்தோடு அள்ளிப் போட்டோம். ஒரு மணி நேரத்தில் இடப்பக்க விலா மேடாகி, தட்டினால் தப்பு மேளம் மாதிரிச் சத்தம். மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. மிருக வைத்தியர் வரும்வரை முன்கால் மேட்டில் நிற்கும்படி நிறுத்தி, மெல்ல நடத்திக்கொண்டே இருந்தோம், பிழைத்தது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் எண்ணெயை வாயில் பலவந்தமாக ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் அதுவே கொல்லும். நேராமல் இருக்க, அறுத்த புல்லை இரண்டு மணி நேரமாவது கூரைக்கடியில் பரப்பி வாடவிட்டு, முதலில் முற்றிய காய்ந்த புல் ஒரு பிடி தின்னக் கொடுத்த பிறகே இளம் புல்லைப் போடுங்கள்.

சினை விசயம் சுருக்கமாக: 21 நாளுக்கு ஒருமுறை சூட்டுக்கு வரும். மாலையில் கத்தினால் மறுநாள் காலை சினை ஊசிக்குச் சொல்லிவிடுங்கள். சினை ஏறக்குறைய 280 நாள், அதில் கடைசி 60 நாள் கறக்கக்கூடாது. அம்மா அந்த அறுபது நாளை "மாட்டுக்குப் பிள்ளைப்பேறு லீவு" என்பார். கன்று விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் அதன் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். நமக்குத் திரட்டுப்பால் அதற்குப் பிறகு.

சாணியும் பாத்தியும்

2021இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது எங்கள் சாணிக்குழியைத் தேடி ஆட்கள் வந்தார்கள். சாணியின் அருமை எங்களுக்கே அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

பச்சைச் சாணியைப் பாத்தியில் கொட்டாதீர்கள், வேர் வெந்துபோகும், கரட் இரண்டாய் மூன்றாய்ப் பிளந்து வளரும். ஒரு அடுக்குச் சாணி, ஒரு அடுக்குக் காய்ந்த மானா, ஒரு அடுக்கு முள்முருக்கு இலையும் சாம்பலும் என்று இடுப்பளவு அடுக்கி, மழை படாமல் மூடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை உரம் அள்ளும் முள்ளால் புரட்டிப் போடுங்கள். எங்கள் குளிருக்கு உக்க மூன்று மாதம் நிச்சயம் எடுக்கும். கையில் எடுத்தால் சாணி மணம் போய் மழை பெய்த மண் மணம் வர வேண்டும்.

தேயிலை நின்ற மண் புளிப்பு மண். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) கரட்டுக்கும் பிடிக்காது. கோவா வேர் உருண்டை உருண்டையாக வீங்கி, பகலில் செடி வாடி நிற்பதும் இந்தப் புளிப்பில்தான் அதிகம். விதை போட இரண்டு மூன்று வாரம் முந்தி புளிப்பைக் குறைக்கும் டொலமைட் கல்தூளைத் தூவிக் கொத்திவிடுங்கள். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, கல் வரிசை வைத்துப் போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் பெருமழையில் உங்கள் உரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

நாலு பாத்தி என்றால் நாலிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். ஒன்றில் முள்ளங்கி, 45 நாளில் பிடுங்கலாம். ஒன்றில் போஞ்சி (பீன்ஸ்), இரண்டு மாதத்தில் காய்க்கும். ஒன்றில் கரட், மூன்று மாதம். நாலாவதில் லீக்ஸ், அது நாலைந்து மாதம் நின்று கறிக்கும் ஆகும், சந்தைக்கும் ஆகும். எப்போது பார்த்தாலும் ஒரு பாத்தியில் பறிக்க ஏதாவது இருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும்.

மழையும் மண்ணும்

இதைத்தான் மிகவும் கவனமாக வாசிக்க வேண்டுகிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் சிலர் பள்ளிக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள், வீடு திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மழையை அளக்காத நாள் இல்லை.

மழைமானி வீட்டிலேயே செய்யலாம். நேரான பக்கம் உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி, வெட்டிய பகுதியைத் தலைகீழாகப் புனல்போல உள்ளே செருகுங்கள். அடியில் சின்னக் கல் போட்டு, வளைவு மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள், அதுதான் பூச்சியம். பிள்ளையின் அடிமட்டத்தை (ஸ்கேலை) பார்த்து மில்லிமீற்றர் கோடுகளை மேல்நோக்கி வரைந்து, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை ஆறுக்குப் பார்த்து, எழுதி, பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருங்கள். 100 தாண்டினால் பையைக் கட்டுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வீட்டைவிட்டு இறங்குங்கள். மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது. அளவு எட்டாவிட்டாலும், நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இறுகித் திறக்க முடியாத கதவு, திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். அனர்த்த உதவிக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி வையுங்கள்.

கான் சுத்தம் மழைக்கு முன்பே முடிய வேண்டும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டின் தலையில் ஒரு கான், சுவரோரம் ஒரு கான், இரண்டும் சந்தித்துத் தண்ணீர் போகும் இடத்தில் கல். இலை அடைத்தால் தண்ணீர் மண்மேட்டுக்குள் இறங்கும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மண்வெட்டி எடுக்க வேண்டும்.

கலண்டர் தாளின் கடைசி வரியில், வீட்டைவிட்டு இறங்க வேண்டிய ராத்திரிக்கும் பெயர் எழுதியிருக்கிறோம். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் மாமியின் பிரஷர் மாத்திரையும் போட்ட பிளாஸ்டிக் பையும் டோர்ச்சும் மகளுக்கு. மாமியின் கையைப் பிடித்துக் கோயில் மேட்டுக்கு நடத்திப் போவது மகனுக்கு. பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டுவது வீட்டுக்காரருக்கு. மாட்டின் கயிற்றை அறுத்துவிடுவது எனக்கு. அவிழ்க்க நேரம் இருக்காது, அதற்காகவே பட்டியின் வாசல் தூணில் தீட்டிய கத்தி ஒன்று செருகி வைத்திருக்கிறேன்.